டிஸ்க் எண் இரண்டு

இந்நேரம் அழிந்திருக்க வேண்டிய பென்டிரைவில் பழைய ஃபைல்கள் அப்படியே கிடந்தன. கம்ப்யூட்டர் மெக்கானிக் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடியும் பார்த்தான். அவற்றை அழித்துவிட்டு ஏற வேண்டிய இன்ஸ்டாலர், ஏறி முடிந்துவிட்டதாகத் திரை சொன்னது. அப்படியானால் எதில் ஏறியது?

மேசையில் கிடந்த கறுப்பு ஹார்ட் டிஸ்க்கைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. டிஸ்க் பட்டியலில் எண் ஒன்றைத் தொடுவதற்குப் பதில் இரண்டைத் தொட்டிருக்கிறான். பதினான்கு வருடத் தொழிலில் இதே தப்புக்காக எத்தனை பேரைத் திட்டியிருப்பான். மகள் பிறந்த நாளிலிருந்து இந்த ஆறு வருடத்தில் எடுத்த அத்தனை படமும் அதில்தான் இருந்தது. வேறெங்கும் நகல் கிடையாது. ஊரார் டேட்டாவையெல்லாம் காப்பாற்றுகிறவன் வீட்டு லட்சணம் இது.

மூன்று நாளாகச் சரியான தூக்கமில்லை. எல்லாம் பழுதுபார்க்க வந்த இந்த லேப்டாப்பால் வந்த வினை. கணினி படுத்துவிட்டால் அதை முதல் நாள் நிலைக்குத் திருப்புவதற்காக உள்ளே ஒளிந்திருக்கும் ரெகவரி பார்ட்டிஷன் இதில் காணாமல் போயிருந்தது. கொண்டுவந்த அம்மாள், "எங்க பொண்ணோடது. பத்து வயசுல போயிட்டா. அவ இருந்தப்ப எப்படி இருந்துச்சோ அப்படியே வேணும்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அதில் இருந்ததைப் பத்திரப்படுத்த வேறு டிஸ்க் கைவசம் இல்லாமல், வீட்டு டிஸ்க்கையே அந்த லேப்டாப்பில் சொருகியிருந்தான்.

"என்னங்க, சாப்பிட வரலையா? மணி ரெண்டாகுது." உள்ளறையிலிருந்து மனைவியின் குரல்.

"நீ சாப்பிடு. சின்ன வேலை ஒண்ணு இருக்கு."

உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. படங்கள் போய்விட்டன என்று தெரிந்தால் அவள் முகத்தில் எப்படி விழிப்பது?

தொலைந்த பகுதியை அதே டிஸ்க்கில் திரும்ப எழுதும் மென்பொருளை ஓடவிட்டான். திரைச்சீலை இடுக்கில் வெயில் கோடு விழுந்திருந்தது, மின்விசிறி கிறீச்சென்று ஒவ்வொரு சுற்றுக்கும் முனகியது, டிஸ்க்குக்குள் எலி பல்லால் சுரண்டுவதுபோல் ஒரு சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது, சூடேறிய பிளாஸ்டிக் வாசனையோடு நெடுநாள் பூட்டிக் கிடந்த அலமாரியின் வாடையும் எங்கிருந்தோ வந்தது. திரையில் முதல் படம் எழுந்தது. அப்பாடா என்றிருந்தது.

தொட்டிலில் மகள். பின்னால் கதவோரத்தில், வெளிச்சம் படாத இடத்தில், பத்து வயதிருக்கும் ஒரு சிறுமி. பக்கத்து வீட்டுப் பிள்ளையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

மகள் முதலடி வைக்கும் படம். சிறுமி சுவரருகே நின்றாள். அதே பத்து வயது.

மூன்றாவது பிறந்தநாள். சிறுமி நாற்காலிக்குப் பின்னால். மகளின் முகம் மங்கலாகியிருந்தது. சிறுமியின் முகம் தெளிவாக இருந்தது.

பள்ளிக்கூட வாசல். சிறுமி மட்டும்.

அவன் கை டிஸ்க்கின் வயருக்குப் போனது. அறுபத்தொன்று சதவீதம். எழுதிக்கொண்டிருக்கும்போது பிடுங்கினால் மிச்சமும் போய்விடும். வருகிறவர் எல்லோரிடமும் படித்துப் படித்துச் சொல்வது அதைத்தான். கையை இழுத்துக்கொண்டான். முடியட்டும், கெட்டுப்போன படங்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

"பாப்பா என்ன பண்றா?" அவன் குரல் அவனுக்கே அந்நியமாக ஒலித்தது.

"இங்கதான் படம் வரைஞ்சிட்டிருக்கா."

மகள் ஏதோ முணுமுணுத்துப் பாடுவது கேட்டது. அவன் திரைக்குத் திரும்பினான்.

எழுபத்தெட்டு. எண்பத்தாறு.

பாட்டு நின்றது.

"பாப்பா?"

தொண்ணூற்று நான்கு. இப்போது பிடுங்கலாம். இப்போதாவது. விரல் வயரில் இருந்தது. தொழில் பழகிய விரல். அசையவில்லை.

நூறு.

சுரண்டல் சத்தம் அடங்கியது. அவன் எழுந்தான். உள்ளறைக் கதவைத் தள்ளினான்.

தரையில் பாதி வரைந்த படம். அதன் மேல் ஒரு கிரேயான் இன்னும் உருண்டுகொண்டிருந்தது. மனைவி முட்டி போட்டு உட்கார்ந்து, மகளின் மஞ்சள் கவுனை அந்தச் சிறுமிக்கு மாட்டி, பொத்தான் போட இழுத்துக்கொண்டிருந்தாள். தோள் தையல் பிரிந்திருந்தது. கவுனின் முழுக்கை, முழங்கைக்கு மேலேயே நின்றுவிட்டது.

"ஒரே நாள்ல எப்படி வளந்துட்டா பாருங்க," என்று சிரித்தபடி மனைவி இன்னும் இழுத்தாள்.