தோற்றம், மறைவு

2024 ஆகஸ்ட் 14, புதன்கிழமை. பிற்பகல் இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு, மதுரை ஆனையூரில் ஒரு மாடி வீட்டில், இசைவாணி தன் கம்ப்யூட்டர் திரை முழுவதையும் சாம்பல் நிறத்துக்கு மாற்றினாள்.

ஒரே ஒரு படம் மட்டும் ஒட்டாமல் துருத்திக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டரைத் திறந்ததும் யார் உள்ளே நுழைவது என்று கேட்டுத் தெரியும் இரண்டு முகங்களில் ஒன்று அவளுடையது; அது ஏற்கெனவே சாம்பல். ஒட்டாதது மற்றது, கணவன் சூரியபிரகாஷ், சிவப்புச் சட்டையில். கடிகாரம், ஃபோல்டர்கள், எழுத்துகள் எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்திவிட்டன; எல்லாவற்றையும் சுற்றி மெல்லிய வெள்ளிக்கோடு. சிம்மக்கல்லில் இருக்கும் அழகுபாண்டியின் அச்சகத்துக்கு எட்டு வருஷமாக வீட்டிலிருந்தே கண்ணீர் அஞ்சலி போஸ்டர் செய்து கொடுப்பவள் அவள். அந்தக் கோடும் அந்தப் போஸ்டர்களிலிருந்து எடுத்ததுதான், கைக்கு அருகில் இருந்ததால். செத்தவர்களின் முகத்தைப் பார்த்து அவளுக்கு எதுவும் தோன்றாமல் போய் வெகுகாலம் ஆகிறது.

சிவப்புச் சட்டையையும் சாம்பலாக்கினாள். சுற்றிக் கோடு போட்டாள். பொருந்தியது.

அவள் கம்ப்யூட்டரில் தலைப்புகள் எல்லாம் தமிழில்தான் இருக்கும். நிறம் மாற்றும் பக்கத்துக்கு அதில் ‘தோற்றம்’ என்று தலைப்பு. இப்போது அதன் பக்கத்தில் ஒரு தேதி இருந்தது: 09-11-1984. கணவன் பிறந்த நாள். அவள் அதை இதில் அடித்ததே இல்லை.

போஸ்டரில் தோற்றம் இடது பக்கம் வரும். பழக்கத்தில் கண் வலது பக்கம் போனது. ‘மறைவு’ என்றிருந்தது. எதிரே காலி இடம். அங்கே கர்சர் விட்டுவிட்டு மினுங்கியது.

மின்விசிறியின் கரகரப்புக்கு அடியில், தெருவில் போன ஷேர் ஆட்டோ சத்தத்துக்கும் அடியில், ஈர மாலையைத் தரையில் இழுத்துப்போவது போல ஏதோ சரசரத்தது. வாடிய ரோஜாவும் பன்னீரும் ஊதுபத்தியும் கலந்த வாடை, சாத்திய சன்னல் வழியாக இல்லாமல், கம்ப்யூட்டர் பெட்டியின் துளைகளிலிருந்து வெதுவெதுப்பாக வந்து அவள் முழங்காலில் பட்டது.

போன் போட்டாள். சோழவந்தானுக்கு வெற்றிலை எடுக்கப் போனவன், பைக்கை ஓரங்கட்டிப் பேசினான்.

“என்ன வாணி, கலர் மாத்தி முடிச்சாச்சா? என்னயவும் மாத்திப்புடாத.”

“எங்கங்க இருக்கீக?”

“சமயநல்லூர்கிட்ட. இம்புட்டுத் தூரந்தான், வாரேன்.”

அந்தச் சிவப்புப் படத்தைத் திரும்ப வைக்கத் தேடினாள். கிடைக்கவில்லை. கல்யாண ஆல்பத்தைத் திறந்தாள். சாம்பல். கொடைக்கானல் போனபோது எடுத்தவை. சாம்பல். கூட்டத்தோடு நின்ற படங்களிலும் அவனைச் சுற்றி மட்டும் வெள்ளிக்கோடு.

காலி இடத்தில் எண் விழுந்தது. 14.

அழித்தாள். மறுபடி விழுந்தது. 14-08.

பிளக்கைப் பிடுங்கினாள். யுபிஎஸ் கத்தியது. அதன் வயரையும் பிடுங்கினாள். கத்தல் நின்றது. திரை அணையவில்லை.

14-08-2024.

அவனுக்குப் போன் போட்டாள். மணி அடித்தது. எடுக்கவில்லை. மறுபடியும் போட்டாள். எடுக்கவில்லை.

போன் அடித்தது. அழகுபாண்டி. எந்தப் போஸ்டராக இருந்தாலும் அச்சுக்கு முன்னால் போனில் ஒருதரம் வாசித்துக் காட்டுவார். அவள் சரி என்றால்தான் மெஷின் ஓடும். எட்டு வருஷமாக அப்படித்தான்.

“ஃபைலு வந்துச்சு தங்கச்சி.” அவர் குரல் கம்மியிருந்தது. “நம்ம மாப்ளயா? ஒரு வார்த்த சொல்லலையேம்மா.”

தான் எதுவும் அனுப்பவில்லை என்று சொல்ல வாய் திறந்தாள். அதற்குள் அவர் வாசிக்க ஆரம்பித்துவிட்டார். பெயர். ஊர். தோற்றம். மறைவு. ஒவ்வொரு எழுத்தாக, நிதானமாக. அவள் கண் திரையில் ஒவ்வொரு எழுத்தாகப் பின்தொடர்ந்தது.

“சரியாம்மா?”

“சரிண்ணே.”

சொன்ன பிறகுதான் சொன்னது அவளுக்குக் கேட்டது.

போனுக்குள் மெஷின் ஓடத் தொடங்கியது. வாசலில் அவன் குரல்.

“வந்துட்டேன்.”

பைக் சத்தம் கேட்கவில்லை. திரும்பினாள். படிக்கட்டில் வெயில் மஞ்சளாகத்தான் இருந்தது. காலையில் சிவப்புச் சட்டையோடு போனவன் நின்றான். சட்டை சாம்பல். உதடு சாம்பல். கையிலிருந்த வெற்றிலைக் கட்டும் சாம்பல். தலையிலிருந்து கால்வரை அவனைச் சுற்றி ஒரு மெல்லிய வெள்ளிக்கோடு.

மெஷின் நாலு மணிக்கு நின்றது. அறுபது போஸ்டர். பிழை எதுவும் இல்லை.