சுடுதண்ணிக்கு ரெண்டு தட்டு

சோப்பு ஈரமாக இருந்தது.

முத்தாத்தாள் விரலால் தொட்டுப் பார்த்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் தொட்டாள். சந்தேகமே இல்லை, ஓரத்தில் நுரை இன்னும் உடையாமல் இருந்தது. அந்தக் குளியலறையில் யாரும் குளித்துப் பதினான்கு மாதம் ஆகிறது. புருஷன் போன பிறகு அவள் பின்பக்கத் தகரத் தடுப்பில்தான் குளிக்கிறாள். இங்கே ஒரு பொருளை எடுத்ததுமில்லை, வைத்ததுமில்லை. கூரை ஒழுகியிருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள். கூரை காய்ந்துதான் கிடந்தது. வெளியே வந்து, பூனை நுழையாமலிருக்கப் போடுகிற வெளிக்கொண்டியை மாட்டிவிட்டுப் போனாள்.

போத்தனூரில் அந்தக் காலத்து ரயில்வே துரை ஒருவன் தனக்கென்று கட்டிக்கொண்ட பங்களா அது. நாடு விடுதலையாகித் துரை கப்பலேறிய வருடம், தாராபுரத்துப் பஞ்சு வியாபாரியான அவளுடைய மாமனார் அதை வாங்கிப்போட்டார். மற்ற அறைகளெல்லாம் காலத்துக்குத் தகுந்த மாதிரி மாறிவிட்டன. குளியலறை மட்டும் துரை விட்டுப்போனபடியே இருந்தது. தரையில் கறுப்பும் வெள்ளையுமாகச் சதுரக் கற்கள், ஜன்னலில் நீலக் கண்ணாடி, நடுவில் சிங்கக்கால் வைத்து வெள்ளை எனாமல் பூசிய வார்ப்பிரும்புத் தொட்டி. அதன் துவாரத்திலிருந்து பழைய தண்ணீரும் சந்தனமும் கலந்த ஒரு வாடை எந்நேரமும் வந்துகொண்டிருக்கும். புருஷன் நஞ்சுண்டன் உயிரோடிருந்தவரை அங்கே ஓர் ஆணி அடிக்க விட்டதில்லை. வருகிற விருந்தாளிக்கெல்லாம் காப்பிக்கு முன்னால் அந்தக் கதவைத் திறந்து காட்டிவிடுவார்.

மகன் கிருபாசங்கர் அமெரிக்காவில் இருக்கிறான். அப்பாவின் காரியத்துக்கு வந்தபோது பெண்டாட்டி பிள்ளையைக் காந்திபுரத்தில் ஒரு லாட்ஜில் தங்கவைத்தான். மருமகள் புவனாவைக் குறை சொல்வதற்கில்லை. கைக்குழந்தையோடு வந்தவள், வழுக்குகிற தரையையும் வாளி வாளியாகத் தூக்கிப்போக வேண்டிய சுடுதண்ணீரையும் பார்த்து மிரண்டுபோனாள். போன வாரம் மகன் போனில் கறாராகவே பேசினான்.

“அந்த பாத்ரூமை இடிச்சுப்போட்டு டைல்ஸ், கெய்சர் எல்லாம் வெச்சுருங்கம்மா. பொங்கலுக்கு வந்து ஒரு மாசம் நம்ம ஊட்டுலயே இருக்கறோம். இல்லீன்னா இந்தத் தடவை வரலீங்க.”

இன்று ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம் ஆறு மணிக்குக் கூப்பிடுவான். இடிப்பதா விடுவதா என்று அப்போது சொன்னால்தான் டிக்கெட் எடுப்பான்.

ஒரு மாதம் முழுக்கப் பேத்தி வர்ஷினி இந்த நடையில் ஓடுவாள். ஒற்றைத் தட்டில் சோறு போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்துச் சாப்பிடுகிற முத்தாத்தாளுக்கு அதற்குமேல் என்ன வேண்டும்? இருந்தும் மனசு வரவில்லை. புருஷன் ஞாபகமாக வைத்திருக்கிறாள் என்று அக்கம்பக்கத்தில் உருகினார்கள். உருகட்டும். நிஜம் தொட்டியின் விளிம்பில் இருந்தது. அதன்மேல் அவள் ஒரு துண்டைப் போட்டு மூடியிருந்தாள்.

மேஸ்திரி நசுருதீன் அளவெடுக்க மூன்று மணிக்கு வருவதாகப் பேச்சு. மூன்றே முக்காலாகியும் ஆளைக் காணாமல் அவள் பின்பக்கம் போய்ப் பார்த்தாள். குளியலறை ஜன்னலுக்குக் கீழே, துணி துவைக்கிற கல்லின்மேல், டேப்பை மடியில் வைத்துக்கொண்டு அவர் பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

“ஏனுங்க, வந்தா ஒரு சத்தம் குடுக்கறதில்லீங்களா?”

“மூணு மணிக்கே வந்துட்டனுங்கம்மா. உள்ள ஐயா குளிச்சுட்டு இருந்தாருங்க. குளிக்கற மனுசனைத் தொந்தரவு பண்ணுனா நல்லா இருக்காதுன்னு அப்பிடியே உக்காந்துட்டனுங்க.”

அவள் ஜன்னலை அண்ணாந்து பார்த்தாள்.

“ஐயாவுங்களா?”

“ஆமாங்க. மொண்டு மொண்டு ஊத்தற சத்தம் கேட்டுதுங்களே. சொம்புல ரெண்டு தட்டுகூடத் தட்டுனாருங்க. ஆரையோ கூப்புடறாருன்னு நெனச்சனுங்க.”

அவர் உக்கடத்துக்காரர், இந்த வீட்டுக்குப் புதுசு. இங்கே ஐயா என்று யாரும் இல்லை என்பது அவருக்குத் தெரியாது. முத்தாத்தாள் சொல்லவும் இல்லை. சொன்னால் அவர் போய்விடுவார், அப்புறம் அவள் மட்டும் இருக்க வேண்டும்.

கொண்டியை எடுத்துக் கதவைத் திறந்தபோது அறையில் ஆளில்லை. தரை காய்ந்திருந்தது, தொட்டி காய்ந்திருந்தது. சோப்பில் மட்டும் நுரை. மேஸ்திரி ‘முடிச்சுட்டுப் போயிட்டாராட்ட இருக்குது’ என்று முனகிக்கொண்டே அளவெடுத்தார். விளிம்பு அளவுக்காகத் துண்டைத் தூக்கியவர் குனிந்து பார்த்தார். ஒரு சாண் நீளத்துக்கு எனாமல் துண்டு துண்டாகப் பெயர்ந்து கறுப்பு இரும்பு தெரிந்தது.

“இதென்னுங்கம்மா, சுத்தியல்ல அடிச்சாப்பல இருக்குதே?”

“பழசுங்க.”

“இருந்தாலும் டப்பை மட்டும் வெச்சுக்கலாமுங்க. இந்த மாதிரி இப்பக் கெடைக்காது.”

“வேண்டாங்க. எல்லாத்தையும் எடுத்துருங்க. ஒரு கல்லுகூட இருக்கக் கூடாது.”

தன் குரலா அது என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. முடிவெடுத்தாயிற்று. காலையில் எட்டு மணிக்கு ஆட்களோடு வருவதாக மேஸ்திரி சொன்னார். காப்பி குடித்துவிட்டுப் போகலாமே என்று அவள் இரண்டு முறை கேட்டாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அவர் கேட்டைச் சாத்திக்கொண்டு போனார்.

சமையலறையில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் எதை நினைக்கக் கூடாதோ அது வந்தது.

முப்பத்தெட்டு வருடத்தில் நஞ்சுண்டன் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சாயங்காலம் ஐந்து மணிக்குத் தொட்டியில் இறங்குவார். பித்தளைச் சொம்பால் விளிம்பில் இரண்டு தட்டு தட்டினால் சுடுதண்ணீர், மூன்று தட்டினால் துண்டு. அவள் ஓடுவாள். புவனாவின் பிரசவத்துக்கு அமெரிக்கா போக விசா வந்து பெட்டியும் கட்டிய பிறகு, “நீ போயிட்டா எனக்குச் சுடுதண்ணி ஆரு ஊத்தறது?” என்று கேட்டார். அத்தோடு பயணம் நின்றது. போன வருடம் ஆடியில் பேத்தியின் முதல் போட்டோ தபாலில் வந்தது. அதை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது இரண்டு தட்டு கேட்டது. முதல்முறையாக, தட்டட்டும் என்று இருந்துவிட்டாள்.

மறுபடி இரண்டு. அப்புறம் கணக்கில்லாமல் தட்டினார். எழுந்து, தரையில் மெட்டி இடிக்க நாலு எட்டு வைத்து, நடையின் முகப்பில் நின்று கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு திரும்பிப் போய் அலமாரியில் இருந்த டிரான்சிஸ்டரின் சத்தத்தைக் கூட்டி வைத்தாள். பாட்டு நிகழ்ச்சி முடிந்து போய்ப் பார்த்தபோது தொட்டித் தண்ணீர் ஆறியிருந்தது. நெஞ்சைப் பிடித்த கை பிடித்தபடி இருந்தது. அரை மணி நேரம் முன்னால் யாராவது பார்த்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றார் டாக்டர். கோயிலுக்குப் போயிருந்தேன் என்று அவள் எல்லோரிடமும் சொன்னாள். அவள் மெட்டியைக் கழற்றி பீரோவில் வைத்தார்கள். டிரான்சிஸ்டருக்கு அதன்பிறகு அவள் பேட்டரி வாங்கவே இல்லை.

ஐந்து மணிக்குக் கரண்ட் போனது. மின்விசிறி சுற்றி நின்றதும் வீடு முழுக்கக் காது அடைக்கிற மாதிரி ஓர் அமைதி. ரயில் ஒன்று தூரத்தில் ஊதிக்கொண்டு போனது, அதுவும் தேய்ந்தது.

டங். டங்.

முத்தாத்தாள் அசையவில்லை.

டங். டங்.

நாளைக்கு இந்த அறையே இருக்காது என்று நினைத்தாள். இன்று ஒரு நாள் கொடுத்துவிட்டால் தீர்ந்துபோகும் என்று நினைத்தாள். பயத்தைவிடவும் பெரிதாக ஒரு பாவம் நெஞ்சில் உட்கார்ந்திருந்தது. பின்வாசலுக்குப் போய்த் தாமிர பாய்லரில் கரியைப் போட்டுப் பற்றவைத்தாள். தண்ணீர் சூடேறும்வரை உள்ளே தட்டல் இல்லை. காத்திருக்கிறார் என்று தோன்றியது.

வாளியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு நடையில் போனாள். கதவு ஒருக்களித்திருந்தது. மேஸ்திரி சாத்தாமல் போயிருப்பார்.

“ஏனுங்க… சுடுதண்ணி கொண்டாந்திருக்கறனுங்க.”

நீலக் கண்ணாடி வழியாக மங்கல் வெளிச்சம். தொட்டி காலி. ஊற்றினாள். ஆவி எழுந்து முகத்தில் பட்டது, சந்தன வாசம் குப்பென்று வந்தது. யாருமில்லை, ஒன்றுமில்லை. “அன்னிக்கு நான் ஊட்டுலதான் இருந்தனுங்க. கேட்டுதுங்க எனக்கு” என்றாள். சொன்னதும் அழுகை வந்தது. அழுது முடித்தபோது உடம்பு லேசாக இருந்தது. ஆறு மணிக்குக் கிருபாவிடம் டிக்கெட் எடுக்கச் சொல்லிவிடலாம்.

பின்னால் கதவு சாத்திக்கொண்டது.

வெளிக்கொண்டி மெதுவாக நகர்ந்து விழுகிற சத்தம்.

தள்ளினாள். இடித்தாள். துரை காலத்துத் தேக்கு, அசையவில்லை. “ஆருங்க அது? ஏனுங்க!” கத்தியது சுவரில் பட்டு அவளிடமே வந்தது. கேட் வரைக்கும்கூடப் போயிருக்காது.

கூடத்தில் போன் மணி அடித்தது.

கிருபா. அடித்துக்கொண்டே இருந்தது. அவளுக்கு இடது தோளில் ஒரு கனம் இறங்கியது. மூச்சு பாதியில் நின்றது. கால் வழுக்கித் தொட்டிக்குள் சரிந்தாள். சுடுதண்ணீர் சேலையில் ஏறியது. போன் நின்றது.

காலை எட்டு மணிக்கு நசுருதீன் வருவார். அவள் எப்படியாவது தண்ணீரை அளைந்து சத்தம் காட்டினாலும், யாரோ குளிக்கிறார்கள் என்று துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிடுவார்.

கையில் பித்தளைச் சொம்பு தட்டுப்பட்டது. எடுத்தாள். விளிம்பில் அடித்தாள். இரண்டு. மறுபடி இரண்டு. எனாமல் பெயர்ந்திருந்த அதே இடத்தில் சொம்பு சரியாகப் போய் உட்கார்ந்தது. அப்புறம் கணக்கில்லாமல் அடித்தாள்.

சமையலறையில் முக்காலி நகர்ந்தது.

மெட்டிச் சத்தம்.

ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. நடையின் முகப்புவரை வந்தது. நின்றது. நின்று கேட்டது.

“அம்மா… தாயி… கதவைத் தொறங்க…”

மெட்டி திரும்பிப் போயிற்று.

அலமாரியில், பேட்டரி இல்லாத டிரான்சிஸ்டரில், பாட்டுச் சத்தம் கூடியது.