ஏற்கெனவே படிக்கப்பட்டது

கடலோரக் காவல் அலுவலகத்திலிருந்து வந்த மெயில் மெலிந்த எழுத்தில் இருந்தது. படிக்காத மெயில் தடித்த எழுத்தில் நிற்கும், திறந்து படித்துவிட்டால் மெலிந்துவிடும். இதை வெர்லினுக்குச் சொல்லிக்கொடுத்தவனே அவள் மகன் ஒடேன்தான். அவளோ அதை இன்னும் திறக்கவேயில்லை. நாலு வாரமாகக் காலையும் மாலையும் இந்த ஒரு மெயிலுக்காகத்தானே கம்ப்யூட்டர் முன்னால் தவம் கிடந்தாள், தூக்கத்திலா படித்திருப்பாள்?

திறந்தாள். தேடுவதை நிறுத்திவிட்டோம், வருந்துகிறோம் என்று நாலே வரி. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுது முடித்து முகத்தைத் துடைத்தபோது, தனக்கு முன்னால் இதைப் படித்தது யார் என்ற கேள்வி மறுபடி வந்து உட்கார்ந்துகொண்டது. அதற்குக் கீழே கிடந்த சர்ச் அறிவிப்பும் கரண்ட் பில்லும்கூட மெலிந்துதான் இருந்தன. அவற்றையும் அவள் தொடவில்லை.

ஒடேனுக்கு இருபத்தாறு வயது. இன்னும் இரண்டு பேரோடு நடுக்கடலில் இருக்கும் பீட்ரோ திட்டுப் பக்கம் சங்குச்சதை எடுக்கப் போனவன். காற்று திரும்பிப் படகு கவிழ்ந்தது. மற்ற இருவரின் உடல்கள் கரை ஒதுங்கின, ஒடேன் ஒதுங்கவில்லை. தண்ணீர் புகாத பிளாஸ்டிக் பையில் போனைப் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போயிருந்தான். வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் அந்தப் போனுக்கும் ஒரே மெயில்தான். "நாம ரெண்டு பேருக்கு எதுக்கும்மா ரெண்டு பெட்டி?" என்று சிரித்தபடி அப்படி வைத்துக் கொடுத்தவனும் அவன்தான்.

வெர்லின் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள், என் பிள்ளை செத்ததை யார் கண்டது என்று. நாத்தனார் மர்வா கேட்கவில்லை. செத்தவரை வழியனுப்பும் ஒன்பதாம் இரவுச் சடங்கை நடத்தியே தீர வேண்டும் என்று ஊரைக் கூட்டிவிட்டாள். வெள்ளை ரம், பொரித்த மீன், விடிய விடியப் பாட்டு. கடைசியில் நாலு ஆண்கள் ஒடேனின் அறைக்குள் போய்க் கட்டிலை ஜன்னலோரத்திலிருந்து எதிர்ச்சுவருக்கு இழுத்தார்கள். அலமாரியைத் திருப்பி வைத்தார்கள். செத்தவன் திரும்பி வந்தால் வீடு அடையாளம் தெரியக் கூடாதாம். அன்றிலிருந்து அந்த அறைப் பக்கம் போகவே வெர்லினுக்குப் பிடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கம்ப்யூட்டரைப் பார்க்க டெல்ராய் வந்தான். பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவன், ஐம்பதைத் தொட்டவன், வாய் ஓயாதவன். வெளியே மழை பிடித்துக்கொண்டு தகரக் கூரையில் கொட்டியது. ஊரே சர்ச்சில் இருந்தது.

"மிஸ் வீ, இது ஹோட்டல்காரன் தூக்கிப்போட்ட பெட்டி. இதுக்கெல்லாம் ரிட்டயர்மென்ட் குடுத்து அனுப்பியிருக்கணும், நீங்க இன்னும் வேலை வாங்குறீங்க."

"உன் கடையில ஒரு சார்ஜர் வாங்கினேன், அது மூணு நாள் ஓடிச்சா? வாய மூடிக்கிட்டு வேலையப் பாரு."

சிரித்துக்கொண்டே உட்கார்ந்தான். அவள் வைத்த பட்டாணிச் சோற்றில் இரண்டு கரண்டி சாப்பிட்டான், பொத்தான்களைத் தட்டினான். அப்புறம் கரண்டி தட்டிலேயே நின்றுவிட்டது.

"பெட்டியில கோளாறு இல்ல, மிஸ் வீ. உங்க மெயில் ரெண்டு எடத்துல திறந்திருக்கு. ஒரு எடத்துல படிச்சா இன்னொரு எடத்துலயும் படிச்சதா மாறிடும். சிங்க் ஆகுறதுன்னு சொல்லுவோமே, அது."

"ரெண்டு எடம்னா? ஒண்ணு இது. இன்னொண்ணு?"

அவன் சட்டை நுனியால் திரையைத் துடைத்தான். துடைத்தாலும் அதே எழுத்துதான்.

"ஒடேனோட போன். கடைசியா சிங்க் ஆனது... இன்னைக்குக் காலைல. ஆறு பத்துக்கு."

வெர்லின் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டாள். "என் சாமி! என் பிள்ளை இருக்கான் டெல்ராய்! உயிரோட இருக்கான்! நான் சொன்னேனே, ஒருத்தரும் கேட்டீங்களா?"

"மிஸ் வீ, கொஞ்சம் உட்காருங்க." அவன் குரல் இறங்கியிருந்தது. "நாலு வாரம். அந்தப் போன்ல சார்ஜ் ரெண்டு நாளைக்குத் தாங்காது. யாராவது கண்டெடுத்து நோண்டிக்கிட்டு இருப்பான். நான் இங்கிருந்தே அத வெட்டி விட்டுடுறேன். இந்த வெளியேறுங்கிற பொத்தான ஒரு அழுத்து அழுத்தினா போதும், அந்தப் போன் அறுந்துடும்."

"கைய எடு."

"மிஸ் வீ, இது நல்லதுக்கில்ல..."

"என் பிள்ளை கிட்டயிருந்து வந்த ஒரே ஒரு தகவல் இது. அத வெட்டிட்டு நான் யாரப் பாத்துக்கிட்டு உட்கார்றது? கைய எடுப்பா."

டெல்ராய் கையை எடுத்தான். சோற்றை முடிக்காமலே, குடையை விரித்தும் விரிக்காமலும் மழைக்குள் போய்விட்டான்.

அவள் கதவைச் சாத்திவிட்டு வந்து, ஒரு விரலால் எழுத்து எழுத்தாகத் தட்டி, தங்கள் பெட்டியிலிருந்து தங்கள் பெட்டிக்கே ஒரு மெயில் அனுப்பினாள். ஒடேன், அம்மா பேசறேன். எங்கடா இருக்க? அது வந்து விழுந்து தடித்த எழுத்தில் நின்றது. கூரையில் மழை ஒரே சீராக இரைந்தது, மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தரம் முனகியது, அடுப்படியிலிருந்து வந்த தேங்காய்ப்பால் வாசனையை மெல்ல மெல்ல வேறொரு வாசனை அமுக்கிக்கொண்டு வந்தது, படகின் அடியில் நாள்பட்டுத் தேங்கிய தண்ணீரின் வாசனை. மழைக்குக் கடல் நாறுகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

எழுத்து மெலிந்தது.

"படிச்சுட்டான்," என்று வாய்விட்டுச் சொன்னாள். நாற்காலியைத் திரைக்கு நெருக்கி இழுத்துக்கொண்டாள். பதில் வரவில்லை. ஆனால் ஓரத்தில், அனுப்பாமல் வைத்திருக்கும் டிராப்டுகளின் பக்கத்தில், ஒன்று என்ற எண் முளைத்தது. அழுத்தினாள். போனில் யாரோ எழுதி, அனுப்பத் தெரியாமல் விட்டது போல ஒரே வரி.

வந்துட்டேன். கட்டில் எங்கம்மா?

வெர்லின் அதை மூன்று முறை படித்தாள். கட்டிலை நகர்த்தியது ஒன்பதாம் இரவில். அப்போது ஒடேன் ஊரில் இல்லை. எங்கோ ஒரு தீவில் பிழைத்துக் கிடப்பவனுக்கு, எவனோ ஒரு மீனவன் வீட்டில் காய்ச்சலோடு படுத்திருப்பவனுக்கு, கட்டில் நகர்ந்தது எப்படித் தெரியும்? நாலு வாரமாக ஊரே அடித்துச் சொல்லியும் சாகாத மகன் அவளுக்கு அந்த வரியில்தான் செத்தான்.

அந்த வரிக்குக் கீழே இன்னொன்று ஊர்ந்து வந்தது.

தடவித் தடவிப் பாக்குறேன். செவுருதான் வருது.

மழைக்கு நடுவே அவளுக்கு அது கேட்டது. பூட்டியிருந்த அறைக்குள், சுவரில், ஈரக் கை ஒன்று மெதுவாக வழுக்கிக்கொண்டு போகும் சத்தம்.

வெளியேறு என்ற பொத்தானின் மேல் அம்புக்குறியைக் கொண்டுபோய் வைத்தாள். ஒரு அழுத்து அழுத்தினால் போதும் என்றானே டெல்ராய். மர்வா இருந்திருந்தால் அவள் விரலைப் பிடித்தே அழுத்தியிருப்பாள்.

குளுருதும்மா.

எந்தத் தாய்தான் அழுத்துவாள், சொல்லுங்கள். எழுந்து போய் அறையைத் திறந்தாள். உள்ளே யாருமில்லை. அந்த நாற்றம் மூச்சை அடைத்தது. நாலு சுவரிலும் இடுப்பு உயரத்தில் ஒரு ஈரக் கோடு, வழி தேடி எத்தனையோ தரம் சுற்றி வந்தது போல. வெர்லின் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கட்டிலை இழுத்தாள். நாலு ஆண்கள் நகர்த்திய கட்டில். முதுகு விண்ணென்று தெறித்தது, இழுத்தாள். ஜன்னலோரம் கொண்டுவந்து, அலமாரியைத் தோளால் தள்ளித் திருப்பி, நல்ல விரிப்பாக எடுத்து விரித்தாள். "வாடா கண்ணு, வந்து படு," என்று காலி அறையைப் பார்த்துச் சொல்லிவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

கட்டில் கிடைச்சிருச்சு.

அறைக்குள் கம்பிச்சுருள் கிறீச்சிட்டது.

அலமாரி கிடைச்சிருச்சு.

கதவு ஒன்று திறந்து மூடியது.

அம்மா எங்க?

அழுகையும் சிரிப்புமாகத் தட்டினாள். இங்கதான்டா, கம்ப்யூட்டர் முன்னாடி.

விசிறி நின்றது. கரண்ட் போகவில்லை, திரை எரிந்துகொண்டுதான் இருந்தது. விசிறி மட்டும் நின்றது.

அங்க யாரோ ஒரு கிழவி உக்காந்திருக்கா.

வெர்லினின் கை தலைக்குப் போனது. மகன் காணாமல் போன துக்கத்தில் பின்னலையெல்லாம் ஒட்ட வெட்டியிருந்தாள். அதற்குப் பிறகு முளைத்தது அத்தனையும் வெள்ளை. திரையின் கறுப்பு ஓரத்தில் தெரிந்த முகம் அவளுக்கே பழக்கமில்லாத முகமாக இருந்தது.

நான்தான்டா அம்மா, என்று எழுதினாள். எழுத்துகள் கடைசியிலிருந்து ஒவ்வொன்றாக அழிந்தன. மறுபடி எழுதினாள். மறுபடி அழிந்தன.

எல்லாம் எடத்துல இருக்கு. அம்மாவ மட்டும் மாத்தி வெச்சிருக்காங்க.

பின்னால் தண்ணீர் சொட்டியது. தரையில். ஒரு சொட்டு. நெருக்கமாக இன்னொன்று.

"ஒடேன்," என்றாள். "அம்மாடா."

பரவால்ல. நானே எடுத்து வெச்சிடறேன்.

நாற்காலி ஒரு சாண் பின்னால் நகர்ந்தது. அதன் கால்கள் தரையைக் கீறின. இன்னொரு சாண். அவள் முதுகுக்குப் பின்னால் கடல் பக்கத்துக் கதவு தானாகத் திறந்து மழை உள்ளே அடித்தது. எழுந்து ஓடியிருக்கலாம். ஓடவில்லை. பெற்றவள்.

குனிந்து பார்த்தாள். அவள் முழங்கைகளை ஒட்டி, நாற்காலிக் கைகளின் மேல், ஈரம் விரல் விரலாகப் பதிந்து இறுகியது. வலது பக்கம் ஐந்து. இடது பக்கம், மீன்கள் மிச்சம் வைத்த மூன்று.