என்ன விற்கிறார்கள் என்று சொல்லாத விளம்பரம்

அந்த விளம்பரத்தில் என்ன விற்கிறார்கள் என்பதை மட்டும் சொல்லவே இல்லை. பல்பொடிக்கும் தைலத்துக்கும் சோப்புக்கும் ஆளாளுக்குப் பாடி முடித்த பிறகு, ரேடியோவில் கொஞ்ச நேரம் அலையடிக்கும் சத்தம் மட்டும் கேட்கும். பிறகு ஓர் ஆண்குரல், விருந்தாளியை உட்காரச் சொல்வதுபோல அத்தனை பதமாக, "வீட்டில் யார் இருக்கிறீர்கள்?" என்று கேட்கும். அவ்வளவுதான். அடுத்த பாட்டு வந்துவிடும்.

நஸீராவுக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. கொழும்பில் கடைச் சிப்பந்தியாக இருந்த அவள் கணவன் அகமது கபீர், ஐம்பத்தெட்டில் பெருநாளைக்கு வந்தபோது அந்த பாட்டரி ரேடியோவைக் கொண்டுவந்து வைத்து, "இது பேசிக்கிட்டே கெடக்கும், ஒனக்குத் தனியா இருக்கிறது தெரியாது" என்று சொல்லிவிட்டுப் போனான். ஏழு மாதமாயிற்று. அக்காள்மடத்தில் சாலையை விட்டு விலகி, கடலோரப் பனைகளுக்கு நடுவே கிடந்த அந்த வீட்டில், மதியம் லுஹர் தொழுது முடித்தால், காற்று மணலை வாரி ஓட்டின்மேல் இறைக்கிற சத்தத்தையும், எங்கிருந்தோ வரும் கருவாட்டு வாடையையும், சுவரில் மெல்ல ஊரும் ஓலை நிழலையும் தவிர அவளுக்குத் துணை கிடையாது.

ஒருநாள் சோறு வடித்துக்கொண்டே, எரிச்சலில் பதில் சொல்லிவிட்டாள்: "நான்தான் இருக்கேன். வேற யாரு இருக்கா?"

மறுநாள் அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு பெண்குரல் சேர்ந்திருந்தது. "நான்தான் இருக்கேன்" என்றது.

விறகு கொண்டுவந்த ராக்கு, தலைச்சுமையை இறக்காமலே வாசலில் நின்று கேட்டாள்.

"ஏத்தா, இது ஒன் குரலு மாதிரியில்ல இருக்கு?"

"ரேடியோவுல என் குரலு எப்படிக்கா வரும்?"

"என்னத்தையோ. என்ன யாவாரம்னே வெளங்கலையே இது." விறகைப் போட்டுவிட்டு, வழக்கம்போல உட்கார்ந்து பேசாமல் ராக்கு போய்விட்டாள்.

இனிமேல் பதில் சொல்லக் கூடாதென்றுதான் நஸீரா நினைத்தாள். ஆனால் நாள் முழுக்க ஒரு முகத்தையும் பார்க்காத பெண்ணிடம், அந்த ஆண்குரல் தினமும் ஒரு புதுக் கேள்வியோடு வந்து, சாப்பிட்டாயிற்றா, தலைவலி தேவலையா, கடிதம் வந்ததா என்று விசாரித்தால் எத்தனை நாளைக்கு வாயை மூடிக்கொண்டிருப்பது? சொன்னாள். கடிதம் வராததைச் சொன்னாள். பிறந்த மூன்றாம் நாளே போய்விட்ட பிள்ளைக்கு, கபீரிடம்கூடச் சொல்லாமல் மனசுக்குள் வைத்திருந்த பெயரைச் சொன்னாள்.

மறுநாள் அந்தப் பெயரை விளம்பரம் மெட்டுப் போட்டுப் பாடியது.

ரேடியோவைத் திருகி அணைத்தாள். பாட்டரியைப் பிடுங்கிக் கொண்டுபோய்க் கிணற்றடியில் வைத்தாள். "யா அல்லாஹ்" என்றபோது குரல் கம்மியிருந்தது. சுக்குக் கஷாயம் வைத்துக் குடித்தாள். விடிந்தபோது குரலில் கிசுகிசுப்புதான் மிச்சமிருந்தது.

மதியம். காற்று நின்றுவிட்டது. ஓர் ஓலைகூட அசையவில்லை. கடல் பக்கமிருந்து பாசி வாடை வந்தது.

பாட்டரி இல்லாத ரேடியோவில் விளக்கு எரிந்தது.

"நேயர்களே," என்றது பதமான குரல். "நீங்கள் கேட்டுக்கொண்டே இருந்தது வந்துவிட்டது. குரல். பெண்ணின் குரல். அதிகம் புழங்காதது."

நஸீரா கத்தினாள். வாய் திறந்தது. ஒன்றும் வரவில்லை.

வெளியே யாரோ, "மச்சான்..." என்றார்கள். அவள் குரல். இன்னொரு பக்கம், "ராக்கக்கா..." அதுவும் அவள் குரல்.

ஜன்னலுக்கு ஓடினாள்.

பனைகளுக்கு இடையே, பட்டப்பகல் வெயிலில், ஆட்கள் நின்றார்கள். ஆணும் பெண்ணும். உடுப்பிலிருந்து தண்ணீர் சொட்டியது. வரிசை கரையோடு முடியவில்லை. கடலுக்குள்ளும் போயிற்று. முன்னால் நின்ற ஒருத்தி, புதுச் சேலையைத் தடவிப் பார்ப்பதுபோலத் தன் தொண்டையைத் தடவிக்கொண்டாள். "ராக்கக்கா..." என்று மறுபடி கூப்பிட்டாள்.

"இந்தா வாரேன் தாயி! எங்கன இருக்க?"

சாலைப் பக்கமிருந்து ராக்கு வந்துகொண்டிருந்தாள். அவள் கண்ணுக்கு அவர்கள் தெரியவில்லை. நஸீரா கம்பியில் அறைந்தாள். கை கன்றும்வரை அறைந்தாள். ரேடியோ முழுச் சத்தத்தில் பாட ஆரம்பித்தது.

தலையில் விறகுக் கட்டோடு ராக்கு அந்த ஈர ஆட்களுக்கு நடுவே நடந்தாள். மணல் தாண்டினாள். முழங்கால். இடுப்பு.

அவளுக்கு இரண்டடி முன்னால் நின்று நஸீராவின் குரல் ஆசையாகச் சொல்லிக்கொண்டிருந்தது:

"இங்கனதான்க்கா. இன்னும் கொஞ்சம்."