கடைசி அடி இல்லாத பாட்டு

மேடையில் உட்கார்ந்திருந்த கஸ்பார் தன் விரல்களை வேறு யாருடையவோ போலப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்பராஜ் அவர் தலையில் நினைவு வளையத்தைப் பொருத்திப் பொத்தானைத் தொட்டான். கிழவரின் முதுகு நேரானது. கண்ணில் குறும்பு ஏறியது.

"என்னவே, சோறு தின்னுட்டு வந்தியளா, இல்ல என்னையத் தின்ன வந்தியளா?"

தூத்துக்குடி மைதானம் சிரித்து அதிர்ந்தது. உச்சி வெயில். பல்லாயிரம் தலைகள். எல்லாத் தலைகளிலும் அதே வளையம்.

ஆர்மோனியத்தின் பின்னால் அவர் மனைவி பிலோமினா மட்டும் வெறுந்தலையோடு இருந்தாள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கேலி பேசியது கஸ்பார் அல்ல என்று அவளுக்குத் தெரியும்.

நாற்பது வருடமாக அவர் நடுப்பகலில்தான் பாடினார். பாட்டைப் பதிவு செய்ய விட்டதே இல்லை. "மிசினுக்குள்ள போன பாட்டு, டப்பாவுக்குள்ள போன மீனு" என்பார். கைபேசியைத் தூக்கியவனை மேடையிலிருந்து இறங்கி வந்து விரட்டியிருக்கிறார். அதனால் அவர் பாட்டெல்லாம் ரசிகர்களின் தலைக்குள் மட்டுமே இருந்தது. இன்னொரு வழக்கமும் உண்டு. எந்தப் பாட்டுக்கும் கடைசி அடியை அவர் பாட மாட்டார். அந்த இடம் வந்ததும் வாயை மூடி, காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக் காத்திருப்பார். கூட்டம் பாடி முடிக்கும்.

இரண்டு வருடம் முன்பு மூளையில் ரத்தம் உறைந்தது. பாட்டு, பேர், பெண்டாட்டி, எல்லாம் ஒரே நாளில் நினைவிலிருந்து அழிந்துபோயின.

அப்போதுதான் இன்பராஜ் இந்த வளையங்களை இணைக்கும் நினைவுத்திரட்டியோடு வந்தான். அவனும் பழைய ரசிகன்.

"ஒருத்தர் ஞாபகம் தப்பலாம் மதினி. இத்தனை ஆயிரம் பேர் ஞாபகம் தப்பாது. எல்லாருக்கும் பொதுவா இருக்கறதைத் திரட்டி அண்ணாச்சிக்கு ஊட்டும். அவரு அதைச் செய்யும்போது திரும்ப ஜனங்களுக்குப் போவும். ரெண்டு பக்கமும் ஓடுற வாய்க்கா."

"எனக்கு மட்டும் தெரிஞ்சது?"

"அது பிசிறு. தள்ளிரும்."

முதல் நாள் அவளும் வளையம் போட்டுக்கொண்டாள். வீட்டுக்கு வந்து கல்யாணத்தை நினைத்துப் பார்த்தபோது, மாப்பிள்ளை கச்சேரிச் சுவரொட்டியில் இருக்கும் சிவப்புச் சட்டையோடு நின்றார். அன்றைக்கு அவர் போட்டிருந்த சட்டை எது என்று எவ்வளவு யோசித்தும் வரவில்லை. அதன்பின் அவள் வளையத்தைத் தொடவில்லை.

கச்சேரி முடிந்து வளையத்தைக் கழற்றினால் கஸ்பார் அணைந்துபோவார். ஆனால் வீட்டில் சும்மா விட்டால், முருங்கை மரத்தடியில் உட்கார்ந்து, எப்போதாவது ஒரு முனகல் முனகுவார். எந்தப் பாட்டிலும் இல்லாத முனகல். அது அவருடையது. பிலோமினாவுக்கு அது போதும்.

"அவரை விட்ருங்க தம்பி. வீட்டுல இருக்கட்டும்."

"நான் விட்டாலும் ஜனங்க விடணும்லா? என்னை வகுந்துருவாங்க மதினி. புதுப் பாட்டு இல்லையேன்னுதான் எல்லாருக்கும் ஏக்கம்."

அங்கேதான் அவளுக்கு யோசனை வந்தது. நோயில் விழுவதற்கு முந்தின நாள் காலையில் கஸ்பார் ஒரு பாட்டுக் கட்டியிருந்தார். "கடைசி அடியை நீ போடுட்டி" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார். அவள் போடவே இல்லை. அந்தப் பாட்டை அவள் ரசிகர்களுக்குச் சொல்லிக்கொடுத்தாள். வாய்க்கு வாய் பரவியது. கடைசி அடி எங்கே என்று கேட்டவர்களிடம், "அதை அண்ணாச்சி மேடையில சொல்லுவாரு" என்றாள்.

யாருக்கும் தெரியாத அடியைத் திரட்டியால் திரட்ட முடியாது. பாட்டு நடுவில் நிற்கும். கூட்டம் கூச்சல் போட்டுக் கலையும். அத்தோடு விடுதலை.

இப்போது அந்தப் பாட்டைத்தான் கஸ்பார் பாடிக்கொண்டிருந்தார்.

"செருப்பு ஒண்ணு கரையில கெடக்கு
செத்தவன் காலா, நடந்தவன் காலா?
அலை வந்து கேக்குது, நண்டு வந்து பாக்குது..."

நிறுத்தினார். காதுக்குப் பின்னால் கையைக் குவித்தார்.

கூச்சல் எழவில்லை. கூட்டம் முழுவதும் கையைத் தூக்கி, காதுக்குப் பின்னால் குவித்தது.

கூட்டம் சொல்லட்டும் என்று அவர் காத்திருந்தார். அவர் சொல்லட்டும் என்று கூட்டம் காத்திருந்தது. காத்திருப்பு வாய்க்காலில் அங்கும் இங்கும் ஓடி ஓடிப் பெருத்தது. ஒரு இருமல் இல்லை. பக்கத்து உப்பளத்தில் கொக்கு இறங்கும் ஓசைகூடக் கேட்டது. முகங்களில் வியர்வை வழிந்து காய்ந்து, வெள்ளைக் கோடாகப் படிந்தது. யாரும் துடைக்கவில்லை.

"இன்பராஜ்! அணைங்க தம்பி!"

மேடைக்குக் கீழே இன்பராஜும் வளையத்தோடு, காதில் கை வைத்து நின்றான். கண் திறந்திருந்தது. அவள் உலுக்கினாள். மரத்தை உலுக்குவது போலிருந்தது.

முன்வரிசையில் ஒரு பெண் சுருண்டு விழுந்தாள். மயக்கத்திலும் அவள் கை காதை விட்டு இறங்கவில்லை.

பிலோமினா ஓடிப்போய்க் கஸ்பாரின் வளையத்தைப் பிடுங்கினாள். அவர் கை தொப்பென்று மடியில் விழுந்தது. கீழே ஒரு கைகூட இறங்கவில்லை. வாங்கிக்கொள்ள ஆள் இல்லாத வாய்க்கால், கொடுத்தவர்களையே நோக்கித் திரும்பிப் பாய்ந்துகொண்டிருந்தது.

இன்னொருவர் விழுந்தார். அப்புறம் ஒரு சிறுமி.

ஒரு அடி வேண்டும். எந்த அடியானாலும் சரி. அவள் ஒலிவாங்கியை இழுத்துப் பாடினாள்.

"எந்திரிச்சு வாங்க, வீட்டுக்குப் போவோம்."

பல்லாயிரம் கைகள் ஒன்றாக இறங்கின. பெருமூச்சு ஒன்று அலைபோல மைதானத்தைக் கடந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் விழுந்தவர்களைத் தூக்கி நிறுத்தித் தண்ணீர் கொடுத்தார்கள். பிலோமினா அழுதே விட்டாள். கஸ்பாரின் கையைப் பிடித்து மேடையை விட்டு இறக்கி, கடற்கரைச் சாலையில் நடக்க ஆரம்பித்தாள்.

தேவாலயம் தாண்டியபோதுதான் பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. திரும்பினாள்.

சாலை நிறைய ஜனம். யாரும் பேசவில்லை. யாரும் முந்தவில்லை. எல்லோரும் வளையத்தைக் கழற்றாமலே, கையைப் பின்னால் கட்டி, இடது தோளைச் சற்றே சாய்த்து நடந்தார்கள். அப்படி நடப்பவரை அவளுக்கு நாற்பது வருடமாகத் தெரியும்.

அவள் நடையை எட்டிப் போட்டாள். அவர்களும் எட்டிப் போட்டார்கள்.

வாசல் கதவைத் திறந்ததும், கல்லூரி போகும் வயதுப் பெண் ஒருத்தி செருப்பைக் கழற்றிவிட்டு, சொந்த வீட்டுக்குள் நுழைவது போல நுழைந்தாள்.

"ஏட்டி, தொண்டை காயுது. கொஞ்சம் வெந்நி வையி."

அவளுக்குப் பின்னால் ஒரு போலீஸ்காரர். "ஏட்டி, என் கைலியை எங்க போட்ட?"

அவருக்குப் பின்னால் இன்பராஜ். முற்றத்தைத் தாண்டிப் போய் முருங்கை மரத்தடியில் உட்கார்ந்தான். அவனை ஒட்டி இன்னொருவர். இன்னொருவர். தெருக்கோடிவரை ஆட்கள், ஒரே விதமான பிரியத்தோடு அவளைப் பார்த்துக்கொண்டு, முறை வரக் காத்திருந்தார்கள்.

பிலோமினா பயத்தில் கஸ்பாரின் கையை இறுக்கினாள். அவர் மெதுவாக, மரியாதையாக, அந்தக் கையை விடுவித்துக்கொண்டார்.

"தப்பா நெனைக்காதீங்கம்மா" என்றார். "வீட்டுல ஏதோ விசேஷம் போல. எல்லாரும் உங்க சொந்தக்காரங்க. நான் எதுக்கு நடுவுல? வழி சொன்னீங்கன்னா போயிருவேன்."