நோரீன் சுமந்த பழி

"அவ வர வேண்டாம்னு சொல்லிடு வெர்னா!"

அடுப்பிலிருந்து ஏலக்காய் ரொட்டியை எடுத்துக்கொண்டிருந்த நோரீனின் கை ஒரு கணம் அப்படியே நின்றது.

மேசைக்கு அந்தப் பக்கம் மாமனார் ரெய்னோ; இந்தப் பக்கம் அவள். இடையே நாலடி தூரம்கூட இல்லை. ஆனாலும் அவர் தன் மகளிடம்தான் சொன்னார். பதினெட்டு வருஷமாக இப்படித்தான். உப்பு வேண்டுமென்றாலும் "உப்பு எங்கேன்னு கேளு" என்று மகனிடம் சொல்வார். மகன் வீட்டில் இல்லாவிட்டால் ஜன்னலைப் பார்த்துச் சொல்வார். மருமகளின் முகம் பார்த்து ஒரு வார்த்தை... ம்ஹும்!

வெர்னா சங்கடத்தோடு தம்பி மனைவியைப் பார்த்தாள். "அப்பா சொல்றதும் ஒரு விதத்துல நியாயம்தானே நோரீன்? இன்னிக்கு லைலோட பழைய ஆட்டச் சட்டையை ஹாக்கி ரிங்க் சுவர்ல மரியாதைக்காக மாட்டப் போறாங்க. ஊரே வரும். அவன் ஏன் ஆட்டத்தை விட்டான்னு ஊருக்கே தெரியும். நீ முன் வரிசையில உட்கார்ந்தா... நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க."

"சரி அண்ணி. நான் வரலை" என்றாள் நோரீன். "லைல் போட்டுக்கப் போற சட்டையை மட்டும் இஸ்திரி போட்டுடறேன். காலர் சுருங்கியிருக்கு."

வட மிச்சிகனின் அந்த இரும்புச் சுரங்க ஊரில் லைல் கங்காஸைத் தெரியாதவர் கிடையாது. நடக்கப் பழகியதும் பனியில் சறுக்கப் பழகியதும் அவனுக்கு ஒரே வருஷம். கல்லூரி ஐஸ் ஹாக்கி அணியில் நாலு வருஷம் இடது பக்க முன்வரிசை ஆட்டக்காரன். மூலையில் மோதித் தள்ளும் முரடர்களிடமிருந்து அந்த ரப்பர் வட்டைப் பிடுங்கிக்கொண்டு வருவதில் அவனை மிஞ்ச ஆளில்லை. பிறகு சின்ன லீக்குகளில் எட்டு வருஷம். ஐந்து ஊர், ஒன்பது வாடகை வீடு, விடிய விடியப் பஸ் பயணம், இழந்த முன்பற்கள் மூன்று. டொலீடோ ஊரின் ஆட்ட அரங்கில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த நோரீன் அவனைக் கட்டிக்கொண்டு, ஒன்பது முறை தட்டுமுட்டுச் சாமான்களைக் காகிதத்தில் சுற்றிப் பெட்டியில் அடுக்கியவள்.

பெரிய லீக்கிலிருந்து அழைப்பு வந்தபோது லைலுக்கு முப்பது வயது. அந்த வயதில் யாரையும் கூப்பிட மாட்டார்கள். அவனைக் கூப்பிட்டார்கள்! ஊர்ப் பத்திரிகையில் படத்தோடு செய்தி வந்தது. ஆனால் அவன் போகவில்லை. பதறிப்போய் ரெய்னோ தொலைபேசியில் கேட்டபோது எடுத்தவள் நோரீன்தான்.

"நான்தான் போக வேண்டாம்னு சொன்னேன் மாமா. எனக்கு வீட்டுல இருக்கிற புருஷன் வேணும்."

அன்றைக்கு அவர் போனை வைத்தவர்தான். சில மாதங்களில் லைல் மனைவியோடு ஊர் திரும்பி, மரக்கடையில் வேலைக்குச் சேர்ந்து, அப்பாவின் வீட்டிலேயே தங்கிவிட்டான். அவருக்கு இடுப்பெலும்பு முறிந்த வருஷம் ஏழு மாதம் அவரைத் தூக்கி உட்கார வைத்தது, கால் கழுவிவிட்டது, சனிக்கிழமைதோறும் சவுனா என்னும் நீராவிக் குளியல் அறைக்குச் சூடு ஏற்றி வைத்தது எல்லாம் நோரீன்தான். அப்போதும் அவர் ஜன்னலைப் பார்த்துத்தான் பேசினார்.

மாடிப்படியில் காலடி கேட்டது. லைல் இறங்கி வந்தான். நாற்பத்தெட்டு வயது, தலையில் பாதி நரை.

"நோரீன், நீ இன்னும் கிளம்பலையா? சாயங்காலம் அஞ்சு மணிக்குன்னாலும் நாம சீக்கிரமே போகணும்னாங்களே."

"எனக்குத் தலைவலி லைல். நீங்க மூணு பேரும் போயிட்டு வாங்க."

"தலைவலி இல்ல!" என்று ரெய்னோ குரலை உயர்த்தினார். "நான்தான் வர வேண்டாம்னேன். இன்னிக்கு முதல்ல பேசப்போறது நான். என்ன பேசுவேன் தெரியுமா? என் பையன் பெரிய லீக்ல ஆடியிருப்பான், ஒரு பொம்பளையோட பிடிவாதம் அவனை மரக்கடையில தள்ளிருச்சுன்னு பேசுவேன். அதைக் கேட்கறதுக்கு அவ எதுக்கு அங்க? நீயே சொல்லு!"

நோரீன் இஸ்திரிப் பெட்டியைச் சட்டைக் காலரின் மேல் வைத்தாள். அவள் கண்ணிலிருந்து ஒரு சொட்டு துணியில் விழுந்தது. அதன் மேலேயே பெட்டியை ஓட்டினாள். 'உஸ்'ஸென்று ஓர் ஆவி எழுந்து அடங்கியது.

அதைப் பார்த்த லைலின் முகம் மாறியது.

"நான் வரலைப்பா" என்றான்.

"என்னடா சொல்றே?"

"சட்டையை மாட்ட வேண்டாம்னு சொல்லிடறேன். பதினெட்டு வருஷமா நான் கோழையா இருந்துட்டேன். இன்னிக்கும் வாயை மூடிக்கிட்டு மேடையேறினா நான் மனுஷனே இல்ல."

"லைல்... வேண்டாம்!" நோரீன் ஓடிவந்து அவன் வாயைப் பொத்தினாள். "வேண்டாம்பா... இத்தனை வருஷம் போயாச்சு. இனிமே எதுக்கு? அவருக்கு எழுபத்தொன்பது வயசு!"

அவன் அந்தக் கையை மெல்ல விலக்கித் தன் இரு கைகளுக்குள் வைத்துக்கொண்டான்.

"போக வேண்டாம்னு இவ சொல்லலைப்பா. இவ சந்தோஷத்துல அழுதுகிட்டே என் பெட்டியை அடுக்கினா. அழைப்பு வந்த மறுநாள் ஆட்டத்துல முகத்துல லேசா ஒரு முழங்கை பட்டுச்சு. சின்ன அடிதான். ஆனா என் இடது கண்ணுல பார்வை போயிடுச்சு. இன்னிக்கு வரைக்கும் வெறும் நிழல்தான் தெரியுது."

"கண்ணா..?" வெர்னா எழுந்தே விட்டாள். "கண்ணு நல்லாத்தானே இருக்கு!"

"பார்க்க நல்லாத்தான் இருக்கும் அக்கா. நான் இடிச்சுக்காம நடக்கறேன்னா, இவ எப்பவும் என் இடது பக்கம் நடக்கறதாலதான்."

ரெய்னோ மேசையின் மேல் முன்னால் சாய்ந்தார். "இதை ஏண்டா மறைச்சே? அடிபட்டவனை நான் அடிச்சா இருப்பேன்?"

லைல் தலையைக் குனிந்துகொண்டான். "டாக்டர் சொன்னார்... அந்தச் சின்ன அடியில கண்ணு போகாதாம். உள்ளே பல வருஷத்துக்கு முன்னாடி பட்ட காயம் இருந்ததாம். சின்ன வயசுல பலமா ஏதாவது பட்டுச்சான்னு கேட்டார்."

ரெய்னோ மகனைப் பார்த்தபடியே இருந்தார். பார்க்கப் பார்க்க அவர் முகம் வெளிறிப்போனது.

"கொல்லைப் பனியில..." என்றார் கடைசியில். "உனக்குப் பதினாலு வயசு. விளையாட்டுல நான் அடிச்ச வட்டு உன் கண்ணுல பட்டு... ரெண்டு நாள் கட்டுப் போட்டு வெச்சிருந்தோம். டாக்டர்கிட்ட போகலாம்னு அம்மா சொன்னா. நான்... ஒண்ணுமில்ல, ஆம்பளப் பையன் அழக்கூடாதுன்னு..."

"எனக்குப் பார்வை போனப்ப அம்மாவைப் புதைச்சு ஆறு வாரம்கூட ஆகலைப்பா. நீங்க சாப்பிடறதில்ல, தூங்கறதில்லன்னு அக்கா அழுதுகிட்டே போன் பண்ணுவா. இதையும் சொன்னா நீங்க பிழைக்க மாட்டீங்கன்னு பயந்தேன். அப்பதான் இவ சொன்னா, 'பழியை என் மேல போட்டுடு. மருமக மேல கோபப்பட்டு யாரும் செத்ததில்ல'ன்னு..."

ரெய்னோ மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். பின் கதவைத் திறந்து வெளியே போனார். கோட்டுகூடப் போடவில்லை.

வெர்னா பின்னால் ஓடப் பார்த்தாள். "இருங்க அண்ணி, நான் போறேன்" என்று அவருடைய கம்பளிக் கோட்டை எடுத்துக்கொண்டு நோரீன் போனாள்.

விறகுக் கொட்டகை வாசலில், பனி படிந்த கட்டை ஒன்றின் மேல் கிழவர் உட்கார்ந்திருந்தார். அவள் கோட்டை அவர் தோளில் போர்த்தினாள். அவர் நிமிர்ந்தார். நேராக அவள் முகத்தைப் பார்த்தார்.

"நோரீன்..." என்றார்.

அந்தப் பெயரை அவர் வாயால் கேட்டுப் பதினெட்டு வருஷம்! "சொல்லுங்க மாமா" என்றாள்.

"என் பையன் கண்ணைக் கெடுத்தது நானாம்மா?"

"இல்ல மாமா. பையனோட விளையாடினீங்க. எந்த அப்பாவும் விளையாடுவார். குறி தப்பிடுச்சு. அவ்வளவுதான்."

"எனக்குச் சோறு போட்டியே... நான் பேசின பேச்சுக்கு! என்னைக் குளிப்பாட்டினியே! உனக்குக் கோபமே வரலையா?"

"வராம என்ன? நிறைய நாள் வந்துச்சு" என்றாள் நோரீன், மூக்கை உறிஞ்சியபடி. "ஒருநாள் உங்க காபியில உப்பை அள்ளிப் போட்டேன். நீங்க முழுசாக் குடிச்சுட்டு, ஜன்னலைப் பார்த்து இன்னொரு கப் கேட்டீங்க!"

கிழவர் சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே அழுகையாக உடைந்தது. குளிரில் விறைத்த இரண்டு கைகளாலும் மருமகளின் கையைப் பிடித்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டு, குழந்தை மாதிரி தேம்பினார். "மன்னிச்சுடும்மா... என்னை மன்னிச்சுடு..." அவள் அவரை அணைத்துக்கொண்டாள். கொட்டகைக் கூரையின் பனி சொட்டுச் சொட்டாக இருவர் மேலும் விழுந்துகொண்டிருந்தது.

சாயங்காலம் ரிங்க் கூடத்தில் இருநூறு பேருக்கு மேல். வட்ட மேசைகளில் இறைச்சி அடைத்துச் சுட்ட பேஸ்டியும் காபியும். லைலின் பெயரைச் சொன்னதும் எல்லோரும் மேசையைத் தட்டினார்கள். ரெய்னோ கைத்தடியை ஊன்றி மேடையேறினார்.

"என் பையன் ஏன் பெரிய லீக்குக்குப் போகலைன்னு பதினெட்டு வருஷமா உங்க எல்லார்கிட்டயும் ஒரு கதை சொல்லிட்டு வந்தேன்" என்றார். "அது பொய். பொய்னு தெரியாமலே சொன்னேன். அவன் கண்ணு போனது என்னால. அந்தப் பழியை என் மருமக எடுத்துக்கிட்டா. இந்த ஊர்ல நீங்க அவளைப் பேசினதெல்லாம் என் பேச்சு. அதுக்கு இன்னிக்கு உங்க முன்னாடி மன்னிப்புக் கேட்கறேன். நம்ம ரிங்க்ல எத்தனையோ பேர் அடி வாங்கியிருக்காங்க. ஆனா இன்னொருத்தருக்காக வாங்கினவ இவ ஒருத்திதான்."

பின்பக்க மேசையில் ஒரு நாற்காலி நகர்ந்தது. இன்னொன்று. அப்புறம் கூடமே எழுந்து நின்று கை தட்டியது. மேடை ஓரத்தில் நின்ற லைல் வெட்கமில்லாமல் அழுதுகொண்டிருந்தான்.

"எழுந்திரு நோரீன்! எல்லாரும் உன்னைத்தான் பார்க்கறாங்க" என்றாள் வெர்னா.

"முடியலை அண்ணி..."

"அப்ப நானும் நிக்கலை போ!" என்று வெர்னா பொத்தென்று அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "நான் சொன்னதையும் மன்னிச்சுடுடி..."

ஊர் முழுக்க நின்றுகொண்டிருந்த அந்தக் கூடத்தில் அந்த வீட்டின் மகளும் மருமகளும் மட்டும் உட்கார்ந்தபடி ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து அழுதுகொண்டிருந்தார்கள்.