வைர முத்திரை

டைட்டனில் காலை நேரத்து நெரிசலைப் பார்க்காதவர்கள் கொடுத்து வைத்தவர்கள். சனிக்கோளின் இந்த நிலவில் காற்று கெட்டி, ஈர்ப்பு குறைவு. ஆகவே வீட்டுக்கு வீடு ஒரு சிறுவிமானம். பால் பாக்கெட் வாங்கக்கூடப் பறந்துதான் போவார்கள். நடுவானில் மாட்டிக்கொண்டு, உட்கார்ந்த இடத்திலேயே பல் தேய்ப்பவர்களும் உண்டு.

வான்வழிக் கோபுரத்தில் வேலை பார்த்த ரோஸ்லினுக்கு அன்று இருப்புக்கொள்ளவில்லை. கணவன் அந்தோணி காலை ஷிப்டுக்கு லேட்டாகக் கிளம்பியிருந்தான். லேட்டானால் அவன் ஓட்டும் லட்சணம் அவளுக்குத் தெரியாதா?

ஒவ்வொரு விமானத்திலும் ஒரு வழிமூளையும், அதன் தகுதியைச் சொல்லும் ஒரு மின்முத்திரையும் இருக்கும். எதிரே வரும் விமானத்தின் முத்திரை தன்னுடையதைவிட உயர்ந்தது என்றால், தானே ஒதுங்கிக்கொள்ளும். எல்லாவற்றுக்கும் மேலே தங்க முத்திரை. ஆரம்பத்தில் அது ஆம்புலன்சுக்கும் ராணுவ ஜெட்டுக்கும் மட்டும்தான். பிறகு அமைச்சருக்கு. அப்புறம் அமைச்சரின் மச்சானுக்கு, மச்சானின் பக்கத்து வீட்டுக்காரருக்கு. கோபுரத்து ஆட்கள் மட்டும் சும்மா இருப்பார்களா? அந்தோணியின் விமானத்துக்கு ரோஸ்லின் தன் கையாலேயே தங்கம் ஏற்றிக் கொடுத்தாள். தங்கமும் தங்கமும் எதிர்ப்பட்டால் இரண்டும் அந்தரத்தில் முறைத்துக்கொண்டு நிற்கும். கடைசியில் யாராவது ஒருவர் திட்டிக்கொண்டே விலகுவார்.

ஜெட் விமானத்தால் அந்தரத்தில் நிற்க முடியாது. அதை யாரும் யோசிக்கவில்லை.

திரையில் இரண்டு தங்கப் புள்ளிகள் நேருக்கு நேர் நெருங்கின.

"ஏங்க, ஒதுங்குங்க! ஜெட் வருது!" என்று கத்தினாள் ரோஸ்லின்.

"நமக்குத்தான் தங்கம் இருக்கே ரோசி. அவன் ஒதுங்குவான்."

ஜெட்காரனும் அதையேதான் நினைத்திருக்க வேண்டும். இரண்டு புள்ளிகளும் ஒட்டிக்கொண்டு அணைந்தன.

ஜெட் விமானி இருக்கையோடு எகிறிக் குதித்து, கீறல் இல்லாமல் தப்பிவிட்டான். அந்தோணியின் விமானி அறை மட்டும் தனியே பிரிந்து பாராசூட்டில் தொங்கிப் பனிப்பாறையில் விழுந்தது.

"ரோசி, கால் மாட்டிக்கிச்சு. குளிருது." அவன் உடையின் சூடு கொஞ்ச நேரம்தான் தாங்கும்.

கிளம்பிய ஆம்புலன்ஸ் முதல் திருப்பத்திலேயே நின்றது. எதிரே எல்லாம் தங்கம். ரோஸ்லின் பொது அலைவரிசையில் கெஞ்சினாள்: "ஒரு உயிருங்க! எல்லாரும் முத்திரையை அணைங்க!"

"முன்னால நிக்கிறவனை முதல்ல அணைக்கச் சொல்லுங்க மேடம்."

"நான் அணைச்சா பக்கத்துல இருக்கிறவன் புகுந்துடுவான். எனக்கும் அவசரம்தானே?"

பாவிகளா, நாசமாய்ப் போவீர்கள் என்று வாய்விட்டே திட்டினாள். தங்கத்துக்கு மேலே புதிதாக ஒரு முத்திரையை உண்டாக்கினாள். வைரம் என்று பெயர் வைத்து ஆம்புலன்சுக்கு ஏற்றினாள். மறுகணம் வானம் இரண்டாக விலகியது.

ஆம்புலன்சுக்குள் போர்வையைச் சுற்றிக்கொண்டு அந்தோணி பேசியபோது அவள் விம்மி விம்மி அழுதாள்.

"அழாத ரோசி, காலு தப்பிச்சிருச்சு. ஆனா ஒண்ணு, என்னமா வழி விடுறானுங்க தெரியுமா! அடுத்து வாங்குற விமானத்துக்கு இந்த வைரத்தையே போட்டுக் குடேன்."

"அறிவிருக்கா உங்களுக்கு? செத்துப் பொழைச்சிருக்கீங்க. பேசாம படுங்க!" இணைப்பைத் துண்டித்தாள்.

அடுத்த அழைப்பு அந்த ஜெட் விமானியிடமிருந்து. "மேடம், ஆம்புலன்சுக்கு ஏதோ வைரம் போட்டீங்களாமே. எனக்குப் புது ஜெட் தர்றாங்க. அதுக்கும் அந்த வைரம்..."

"அது ஆம்புலன்சுக்கு மட்டும்தான் சார்!"

"சரி, மேலிடத்துலேர்ந்து சொல்லச் சொல்றேன்."

சொல்ல வைப்பான். நாளைக்கே அந்த ஜெட் வைரத்தோடு வரும். அந்தோணி வெறும் தங்கத்தோடு ஓரமாக ஒதுங்கி நிற்க வேண்டும். இடித்துத் தள்ளியவனுக்கு இடிபட்டவனே வழிவிட வேண்டுமா? ரோஸ்லினுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கணவனைத் திரும்பக் கூப்பிட்டாள்.

"ஏங்க, வைரமே போட்டுத் தர்றேன். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."